அரை மணித்தியாலம் முந்திய வானம்

“இது ஒரு துருப்பிடிச்ச கல்லு. இதுக்கு உங்கட பேரும் தெரியா, ஊரும் தெரியா.” எங்கள் வானவியல் கழகத்தின் தலைவர் தொலைகாட்டியின் பக்கத்தில் நின்று இதைச் சொல்லும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். மற்றக் கை, வரிசையில் அடுத்து நிற்பவரை அருகே அழைக்கும். பார்வைத்துண்டில் கண்ணை வைத்தவர் முதலில் ஒன்றும் தெரியவில்லை என்பார். பிறகு மூச்சை அடக்குவார். பிறகு, தண்ணீருக்கு அடியில் நடுங்குவதுபோல ஒரு சிறிய செம்மஞ்சள் வட்டம் தெரிகிறது என்றும், இதுதானா செவ்வாய் என்றும் கேட்பார். அந்த இடத்தில்தான் தலைவர் தன் வாக்கியத்தைச் சொல்வார். பல வருடங்கள் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டவள் நான். இப்போது அந்தக் குரலை நினைத்தால், கெட்டுப்போன மீன் கறியில் ஒரு வாய் வைத்துவிட்டதுபோல அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது. கோபம் என்றால் இதற்குள் ஆறியிருக்கும். இது அருவருப்பு. அது ஆறுவதில்லை.

தலைவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். உயரமான, நிமிர்ந்து நடக்கிற மனிதர். சட்டைப்பையில் ஒரு மெல்லிய தூரிகை வைத்திருப்பார். வில்லையில் தூசி கண்டால் யாரையும் ஊத விடமாட்டார், எச்சில் தெறிக்கும் என்று சொல்லித் தூரிகையால் மெதுவாகத் தட்டுவார். வடக்கே கதிரவெளி தொடங்கித் தெற்கே வாவி முடிகிற ஊர்கள் வரை, பாடசாலை பாடசாலையாகத் தொலைகாட்டியைக் கொண்டு திரிந்து பிள்ளைகளுக்கு நிலவின் குழிகளையும் சனியின் வளையத்தையும் காட்டியவர். எங்கள் பக்கத்தில் ஒரு கலியாணம் பேசினால் முதலில் தாய்வழி வந்த குடி எதுவென்று கேட்பார்கள், ஒரே குடிக்குள் கட்டக்கூடாது என்பதற்காக. பிறகு பெண்ணுக்கு எழுதிக்கொடுக்கிற வீடு வளவைப் பற்றிக் கேட்பார்கள். அதெல்லாம் சரிவந்த பிறகு சாதகத்தை விரிப்பார்கள். அதில் ஏழிலோ எட்டிலோ செவ்வாய் இருந்தால் குடித்த தேத்தண்ணியோடு எழுந்து போய்விடுவார்கள். இது மடத்தனம் என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து சொன்ன ஒரே ஆளாக நான் அவரை அறிந்திருந்தேன். ஒரு திருவிழாவில் சாத்திரியார் ஒருவர் வாதத்துக்கு வந்தபோது, தலைவர் அவரையே தொலைகாட்டிக்கு அழைத்துப்போய் வியாழனைச் சுற்றும் நிலவுகளைக் காட்டி, இந்த நாலும் எந்த வீட்டில் இருக்கின்றன என்று பணிவாகக் கேட்டார். கூட்டம் சிரித்தது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்தேன்.

கழகத்தில் நான் செயலாளர். உறுப்பினர்களின் அவதானிப்புகளைத் துப்புரவாகத் தொகுப்பது என் வேலை. தலைவர் எங்களுக்குத் தந்த விதிகளில் முதலாவது நேரத்தைப் பற்றியது. வானத்தில் எதைக் கண்டாலும் கண்ட நேரத்தை அந்தக் கணமே எழுதவேண்டும், எழுதியதைப் பிறகு தொடக்கூடாது, பிழையென்றாலும் அது பிழையாகவே கிடக்கவேண்டும். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கிற ஹாஜியார் எங்கள் பழைய உறுப்பினர், பெரிய பகிடிக்காரர். நிலவின் இருண்ட ஓரம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் கணத்தை நாங்கள் எல்லோரும் தனித்தனியாகக் குறித்த ஒரு நாளில், தன்னுடைய நேரம் மற்றவர்களுடையதோடு ஒத்துவரவில்லை என்று கண்ட ஹாஜியார் யாருக்கும் தெரியாமல் நாலு செக்கனைத் திருத்திவிட்டார். தலைவர் அதைக் கண்டுபிடித்தார். ஹாஜியாரின் அவதானிப்பு முழுவதையும் எல்லோருக்கும் முன்னால் குறுக்கே அடித்துவிட்டு, “கண்டதை எழுதுங்க ஹாஜியார், கண்டிருக்கவேணும் எண்டதை எழுதாதீங்க” என்றார். அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஹாஜியாருக்கு வெட்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அடுத்த கூட்டத்துக்கு, செக்கன் கள்ளன் வந்திருக்கிறேன், பெட்டியைப் பூட்டி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்தக் கழகத்துக்குள்தான் ரீச்சரும் தலைவரின் மகனும் பழகினார்கள். ரீச்சர் கல்லடியில் என் ஒழுங்கையிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறவள், விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். தொலைகாட்டியின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே திருப்பி வைத்தால்தான் அது வானத்தோடு சேர்ந்து சுழலும். எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும், தென்னோலைகளுக்குள் தேடித்தான் பிடிக்கவேண்டும். அந்தத் தேடலை அவர்கள் இரண்டு பேரும் செய்வார்கள். ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா என்று ஹாஜியார் கேட்பார். இருவருக்கும் முப்பது தாண்டிவிட்டது. குடி வேறு வேறு. ரீச்சரின் தாய் வீட்டை எழுதிக்கொடுக்க இருந்தா. மகனின் தாய் மட்டும் மறித்தா, பெண்ணுக்கு எட்டில் செவ்வாய் என்று. தலைவர் ரீச்சரிடமும் என்னிடமும், வானம் பார்க்கிற முகாமுக்கு வாருங்கள், அங்கே வைத்து என் முடிவைச் சொல்கிறேன் என்றார். அந்த முடிவு என்னவாக இருக்கும் என்பதில் எங்கள் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.  ரீச்சர் பிறந்தது சண்டைக் காலத்தில், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல், தெரிந்த ஒருவர் வீட்டின் பின்னறையில். அழுகைச் சத்தம் கேட்டதும் வெளியே நின்ற தகப்பன் கைமணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொன்னாராம். பிள்ளை நடை பழகுமுன் அவர் இல்லாமற்போனார். மகளுக்கு அவர் கொடுத்துவிட்டுப் போனது அந்த நேரம் ஒன்றுதான் என்று தாய் சொல்வதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

அது மாசி மாதத்து வார இறுதி. மழை விட்டு வானம் கழுவிக் காயவைத்ததுபோல இருந்தது. வாவியின் மேற்குக் கரையில், பழுகாமத்துக்கு வெளியே, விளைந்த வயல் வட்டையைப் பார்த்தபடி நிற்கிற ஒரு பல்தேவைக் கட்டடத்தில் தங்கினோம். கரையோர ஊர்களின் வெளிச்சம் வாவிக்கு அப்பால் கிழக்கில் ஒரு மங்கிய கறையாக மட்டும் தெரியும் இடம். வெள்ளி மாலை நாங்கள் இறங்கும்போது வயலில் அறுவடை மெசின் ஓடிக்கொண்டிருந்தது, வைக்கோல் தூசி மூக்குக்குள் அரித்தது. டோர்ச் எல்லாவற்றுக்கும் சிவப்புத் தாள் சுற்றினோம். இருட்டுக்குப் பழகிய கண்ணை வெள்ளை வெளிச்சம் கெடுக்கும் என்பதால், இரவில் வாகனத்தின் கதவைக்கூடத் திறக்கக்கூடாது என்று தலைவர் வழக்கம்போல எச்சரித்தார். ஹாஜியார் தான் கொண்டுவந்த முட்டியிலிருந்து எல்லோருக்கும் எருமைத் தயிர் பரிமாறிக்கொண்டே, “தலைவரே, மாப்பிள்ளைக்கு மோதிரம் தேடி அலையாதீங்க, சனிட்ட நல்லதொண்டு இரிக்கி” என்றார். தலைவரும் சிரித்தார். ரீச்சர் தலை குனிந்து தயிருக்குச் சீனி போட்டாள், அளவுக்கு மேல் போட்டாள். விடியக் கதைப்பம் என்று மட்டும் தலைவர் சொன்னார்.

விடிந்ததும் அவர் ரீச்சரையும் என்னையும் வாவிக்கரை மருதமரத்தடிக்குக் கூப்பிட்டார். மகன் முன்னமே அங்கே நின்றான். ஒரு பிளாஸ்டிக் கதிரையில் மடிக்கணினி திறந்திருந்தது, திரையில் ஒரு வான வரைபடம். இது எந்த நாளைய வானம் என்று தெரிகிறதா என்று தலைவர் கேட்டார். ரீச்சர் குனிந்து பார்த்தாள். திரையின் மூலையில் அவளுடைய பிறந்த திகதியும் தகப்பன் சொன்ன நேரமும் இருந்தன. எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீட்டில் நல்லது நடந்தால், அவர் பிறந்த நேரத்து வானத்தை அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுப்போம். அதற்காகத்தான் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் முகம் அந்தச் சில கணங்கள் எப்படி இருந்தது என்பதை நான் இங்கே எழுதமாட்டேன். அதை எழுதினால் அடுத்து நடந்ததை எழுத முடியாது.

தலைவர் ஒரு பொத்தானை அழுத்தினார். வானம் பின்னோக்கி நகர்ந்தது. கிழக்கு அடிவானத்தில் உதித்திருந்த கன்னி ராசியின் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் இறங்கின, அவை இருந்த இடத்தில் சிங்கம் வந்து நின்றது. “அரை மணித்தியாலம், அவ்வளவுதான். இஞ்ச பாருங்க, லக்கினம் கன்னியில இருந்து சிங்கத்துக்குப் போயிட்டு. இப்ப செவ்வாய் எட்டில இல்ல, ஒன்பதில. குற்றமே இல்ல” என்றார். ஒரு கஷ்டமான கணக்கை முடித்த பிள்ளையின் மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது. ரீச்சரின் தாய், நேரத்தைத் தான் பிழையாக நினைவு வைத்திருந்ததாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்த நேரத்துக்குப் புதிய சாதகம் ஒன்று எழுதுவிக்கவேண்டும். மற்றப் பொருத்தங்களையும் இரண்டு இரவு விழித்திருந்து தானே பார்த்துவிட்டாராம், எல்லாம் நன்றாக வருகிறதாம். நாங்கள் கிரகணங்களைக் கணிக்கிற அதே செயலியில் பார்த்திருக்கிறார்.

ரீச்சர் நிமிர்ந்தாள். “சேர், நீங்க இத நம்புறீங்களா?”

“சீ, நான் எங்க நம்புற? அவதான் நம்புறா.”

“அப்ப அவவிட்டச் சொல்லுங்க.”

“வீட்டுக்குள்ள சண்டை பிடிச்சு என்னத்தக் காணப்போறம் புள்ள? இது ஒருத்தருக்கும் நோகாத வழி.”

அவள் மகனைப் பார்த்தாள். அவன் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அம்மாவின் மனம் நோகாமல் முடியட்டும் என்றுதான் அப்பா பார்க்கிறார் என்று தண்ணீருக்குச் சொல்வதுபோலச் சொன்னான். ரீச்சரின் குரல் உயரவில்லை. “அந்த நேரம் எங்கட அப்பா பாத்துச் சொன்ன நேரம் சேர். நான் மாத்தமாட்டன்.” தலைவர் அவள் தோளைத் தட்டி, ஆறுதலாக யோசி, பின்னேரம் வரைக்கும் நேரம் இருக்கிறது என்றார். யோசிக்க இனி ஒன்றும் இல்லை என்பதை அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. மடிக்கணினியை மூடுமுன் சட்டைப்பையிலிருந்து தூரிகையை எடுத்து விசைகளுக்கு இடையில் இருந்த தூசியைத் தட்டினார்.

அன்றைய பகல் முழுவதும் நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. நன்றாகச் சாப்பிட்டார். வாவி மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். முள்ளை எடுத்து இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். தூங்கி எழுந்து முகம் கழுவினார். ஒரு மனிதர் சாத்திரத்தை நம்பி ஒரு பெண்ணை மறுத்தால் அது அறியாமை, அதோடு எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியும். இவர் நம்பவில்லை. நம்பாமலே அதற்கு முன்னால் மண்டியிடுகிறார், தன் அறிவு முழுவதையும் அந்த மண்டியிடலுக்கு விரிக்கும் பாயாக்குகிறார். பெண்ணின் பிறப்பையே நகர்த்தலாம், மனைவியோடு ஒரு மாலைப்பொழுது வாக்குவாதப்பட முடியாது. ஹாஜியாரின் நாலு செக்கனை அடித்த அதே கை இது.  ரீச்சர் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் அவரிடம் ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் அக்கா, அவர் இன்னும் பதில் கேட்கவில்லையே என்றாள்.

பின்னேரம் ஊர்ச்சனம் வந்தது. வயலில் இருந்து நேரே வந்தவர்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்த பெண்கள், பாய் கொண்டுவந்து விரித்தவர்கள். இருட்டியபோது செவ்வாய் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் உயரத்தில் நின்றது. தலைவர் பெரிய தொலைகாட்டியில் அதைப் பிடித்துவைத்தார். ரீச்சர் சற்றுத் தள்ளிச் சிறிய தொலைகாட்டியில் வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தாள். மகன் அப்பாவின் பக்கத்தில் நின்றான். தலைவர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்து அந்த வாக்கியத்தைச் சொன்னார். சனம் சிரித்தது. செவ்வாயைப் பார்த்துவிட்டு நிமிர்ந்த நடுவயதுப் பெண் ஒருத்தி, தன் மகளுக்குச் செவ்வாய் என்று இரண்டு இடம் தட்டிப்போனதாகச் சொல்லி, சேர் வந்து அந்த ஆட்களுக்கு இதை ஒருக்கால் எடுத்துச் சொல்வாரா என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. தன் வீடு எங்கே இருக்கிறது என்றும் விளக்கத் தொடங்கினாள்.

அப்போதாவது அவர் வாயை மூடியிருக்கலாம். “கட்டாயம் வந்து சொல்லுவன் அம்மா. படிச்ச ஆக்கள் இதெல்லாம் பாக்கப்படாது. இஞ்ச எங்கட ரீச்சர் நிக்கிறா, அவவக் கேளுங்க” என்றார். அவளுடைய மரியாதையை அவர் அவ்வளவு நிச்சயமாக நம்பியிருந்தார்.

ரீச்சர் தொலைகாட்டியில் இருந்து கண்ணை எடுத்தாள். “எனக்கும் எட்டில செவ்வாய்தான் அம்மா. சேர்ர மகனுக்குத்தான் என்னைப் பேசினது. சேர்ர வீட்டில செவ்வாய் பாக்கிறாங்க. நான் பிறந்த நேரத்த அரை மணித்தியாலம் மாத்திச் சொல்லச் சொன்னவர். நான் மாட்டன் எண்டுட்டன்.” பாடம் நடத்துகிற குரலிலேயே சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் வரிசையில் நின்ற கிழவரை, நீங்கள் வாருங்கள், வியாழன் தெரியும் என்று அழைத்தாள்.

சிவப்பு வெளிச்சத்தில் யாருடைய முகமும் சரியாகத் தெரியவில்லை. முதலில் பேசியவர் ஹாஜியார்தான். அவர் பகிடிக் குரலில் பேசவில்லை. “நான் களவெடுத்தது நாலு செக்கன்தான் தலைவரே” என்றார். கேள்வி கேட்ட பெண் தலைவர் பக்கம் திரும்பினாள். “அப்ப நீங்க எங்கட வீட்ட வரத் தேவல்ல சேர். எங்கட சாத்திரியார் எண்டாலும் வீட்டிலயும் வெளியிலயும் ஒரே கதையத்தான் கதைக்கிற” என்று சொல்லிவிட்டுத் தன் பாயைச் சுருட்டினாள். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார். தலைவர் அது குடும்ப விசயம், மறுகா கதைப்பம் என்றார். பிறகு அடுத்து நின்றவரைக் கையசைத்துக் கூப்பிட்டார், அவர் குனிந்து பார்க்கும்வரை பொறுத்திருந்தார், அதே வாக்கியத்தை அதே குரலில், ஒரு சொல்லும் குறையாமல் சொன்னார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

ஞாயிறு காலை மகன் ரீச்சரின் பையைத் தூக்கிக்கொண்டு தெருவரைக்கும் வந்தான். ஓட்டோவுக்குக் காத்து நான் பக்கத்திலேயே நின்றதால் எல்லாம் என் காதில் விழுந்தது. எல்லோருக்கும் முன்னால் அப்பாவை அப்படிச் செய்திருக்கத் தேவையில்லை என்றான். அப்பா இரவு தூங்கவில்லை என்றான். ரீச்சர் அவனை நேரே பார்த்தாள். “நீங்க என்ன நினைக்கிறீங்க? நீங்க இன்னும் ஒண்டும் சொல்லல்லயே” என்று மட்டும் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளவேண்டும் என்பதுபோலக் கேட்டாள். அவன் செருப்பால் மண்ணைக் கிளறினான். “அரை மணித்தியாலம்தானே” என்றான். அவள் அவன் கையிலிருந்த பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.  வாவிப் பாலத்தைக் கடந்த பிறகு, பசிக்குது அக்கா என்றாள். களுவாஞ்சிக்குடியில் இறங்கி இடியப்பம் சாப்பிட்டோம். முந்தைய நாளுக்கும் சேர்த்து அவள் சாப்பிட்டாள்.

அந்த வாரமே நான் செயலாளர் பதவியை விட்டேன். ஹாஜியாரும் போவதில்லை. தலைவர் இன்றும் பாடசாலைகளுக்குப் போகிறார், பிள்ளைகள் இன்றும் கைதட்டுகிறார்கள். அவர் காட்டும் செவ்வாய் உண்மையான செவ்வாய்தான், சொல்லும் வாக்கியமும் உண்மைதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு உண்மை அவர் வாயிலிருந்து வந்தே அழுக்காகிவிட்டது. எங்கள் ஒழுங்கையிலோ கதை வேறுவிதமாக நடக்கிறது: அந்தப் பிள்ளைக்குச் செவ்வாய்க் குற்றம், போதாததற்கு வாய்க்கொழுப்பும். இதை முகம் சுளித்துச் சொல்கிறவர்களில் இரண்டு பேர் எங்கள் முகாம்களுக்கு வந்து செவ்வாயைப் பார்த்தவர்கள்.

போன மாதம் தலைவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மகனுக்குக் கலியாணம், பொருத்தமான இடம் அமைந்திருக்கிறது, தங்கச்சி கட்டாயம் வரவேண்டும் என்றார். குரலில் ஒரு கீறலும் இல்லை. வைக்கப்போகும் நேரத்தில், “ரீச்சருக்கும் சொல்லுங்க. நான் அவவில கோபம் ஒண்டும் வைக்கல்ல” என்றார். நான் வரமாட்டேன் என்று சொன்னேன். அவர் ஏனென்று கேட்கவில்லை, காரணத்தைத் தானே ஊகித்து, வேலைப்பளு என்றால் பரவாயில்லை என்றார்.

ரீச்சரிடம் சொல்வதா விடுவதா என்று யோசித்துக்கொண்டே போனேன். அவள் பின்வாசலில் குந்தியிருந்து நண்டு துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். கலியாணத்தைச் சொன்னேன், தலையை ஆட்டினாள். அவர் சொல்லச் சொன்னதையும் சொன்னேன். அவள் நண்டுக் காலை உடைத்த கையோடு நிமிர்ந்து, “என்னில அவர் கோபம் வைக்கல்லயாமா?” என்று கேட்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சட்டி கவிழ்ந்துவிடும்போல உடம்பு குலுங்கச் சிரித்தாள், கண்ணில் வந்த தண்ணீரை முழங்கையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். உள்ளேயிருந்து தாய் என்னவென்று கேட்டா. சொல்ல முடியாமல் இன்னும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் குந்தி மீதி நண்டைத் துப்புரவாக்கினேன்.